கை அறிந்த சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவுக்கென எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘இன்றைய கவிதையில் சொல்லாட்சி’ என்பதாகும். அத்தலைப்பை நான் கைவிடவில்லை. எனினும், நீங்கள் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து அதனைத் தொடங்க விரும்புகிறேன். கடந்த சில மாதங்களாக, வாரத்தில் ஒருநாள் காலை, மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் பயிலும் மாண்டிசோரி வகுப்பொன்றின் மூலையில் நான் அமர்ந்திருந்தேன். என் பெயர்த்தி அங்கே பயில்கிறாள். பார்வையாளருக்கென்று அவ்வகுப்பில் ஒரு நாற்காலி உண்டு. அதில் அமர்வோர் பேசலாகாது, எழுந்து நடமாடலாகாது, பிள்ளைகளைப் பாராட்டுவதும் ஆகாது. நாற்பது ஆண்டுகளாக மேடையேறிப் பேசியே பழகிய எனக்கு அது தக்க தண்டனை என்று நண்பர் ஒருவர் கூறினார். தண்டனையாகவே தொடங்கியது, பாடமாக முடிந்தது. அப்பாடத்தைத்தான் உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் வரலாறு சிறிது கூற வேண்டும். நம் மண்ணோடு அதற்குள்ள உறவு பலருக்கும் மறந்துபோயிற்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1870இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கெனப் பிரெஞ்சு மருத்துவர்களாகிய இட்டார்ட், செகின் ஆகியோர் வகுத்த பயிற்சிகளைக் கற்று, அவற்றை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியனவாக வளர்த்தெடுத்தார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழை உழைப்பாளர் குடியிருப்பில் அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்து, கட்டடச் சுவர்களைப் பாழ்படுத்திய பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளரின் நோக்கம். அந்த எளிய தேவையிலிருந்து ஒரு கல்விமுறை பிறந்தது.

1939ஆம் ஆண்டு நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மகன் மாரியோவும் உடன் வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைக்க, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் அடையாற்றின் நிழலில் அமர்ந்து கேட்டனர். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் வந்தார். ஆனால் 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, தாயும் மகனும் ஆங்கில அரசின் கண்ணுக்குப் பகைநாட்டுக் குடிகள் ஆயினர். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் சபையின் வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று ஆணை பிறந்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாள் பரிசாக அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மாரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலில் ஏறத்தாழ ஈராண்டுகள் வாழ்ந்தார் அம்மையார். அங்குள்ள செடி, கொடி, பாறை, பூச்சி ஆகியவற்றைக் குழந்தைகளோடு ஆராய்ந்ததிலிருந்தே ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ என்னும் கருத்து முழுவடிவம் பெற்றது. சில மாதங்களுக்கென வந்தவர் 1946 வரை இங்கேயே தங்க நேர்ந்தது. மீண்டும் 1947இல் வந்து, 1949இல் விடைபெற்றார். குழந்தையின் உள்ளத்தைப் பற்றிய அவருடைய பெருநூல், இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து திரட்டப்பெற்று, 1949இல் அடையாற்றிலேயே முதலில் அச்சேறியது. ஆகவே, இம்முறையை முற்றிலும் அயலது என்று நாம் ஒதுக்க இயலாது. அதன் ஒரு பாதி தமிழ்நாட்டின் வெயிலிலும் குளிரிலும் விளைந்தது.

நிற்க. அந்த மூலை நாற்காலியிலிருந்து நான் கண்டது என்ன?

முதல்நாள் காலை. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் தன் சிறிய பாயை எடுத்து வந்து, தரையில் விரித்து, அதன் ஓரங்களை நீவி ஒழுங்கு செய்தான். பின்னர் ஒரு தட்டைக் கொணர்ந்தான். தட்டில் இரண்டு சிறு குவளைகள், ஒன்றில் நீர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றினான். சிந்திய நீரைப் பஞ்சினால் ஒற்றினான். மீண்டும் ஊற்றினான். நான் எண்ணத் தொடங்கினேன். பதினேழு முறை ஊற்றினான். ஆசிரியை அவன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ‘நன்று’ என்று ஒரு சொல் கூறவில்லை. பதினேழாம் முறை ஒரு துளியும் சிந்தவில்லை. அவன் தட்டைக் கையில் ஏந்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதில் அவன் என்ன கற்றான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று கேட்டேன். நீர் ஊற்றக் கற்றான் என்பது சிறிய விடை. ஒரு செயலுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு என்பதைக் கற்றான். தன் கையைத் தானே அடக்கக் கற்றான். தவறு நேர்ந்ததைப் பிறர் சொல்லாமலே, தரையில் கிடக்கும் துளி சொல்லக் கேட்டான். மாண்டிசோரி வகுப்பின் உயிர்நாடி இதுவே. அங்குள்ள பொருள்கள் பலவும், செய்வோன் பிழையைப் பொருளே காட்டும் வண்ணம் அமைந்தவை. பத்து உருளைகளைப் பத்துக் குழிகளில் பொருத்த வேண்டும்; ஒன்று தவறினால் கடைசி உருளைக்கு இடம் இராது. அங்கே திட்டுவதற்கு ஆள் தேவையில்லை. முதல் இல்லத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வுருளைகளை நாற்பது தடவைக்கு மேல் எடுத்தும் பொருத்தியும் செய்ததை அம்மையார் எண்ணிப் பதிவு செய்துள்ளார். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் செய்தார். அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிறுத்தவில்லை. தானாக முடித்தபோது, நன்றாக உறங்கி எழுந்தவள் போல் மலர்ச்சியோடு காணப்பட்டாள்.

கவிஞர்களே! ஒரு வரியை நாற்பது முறை எழுதி அழித்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? பிழையைத் திறனாய்வாளர் சொல்லித்தான் அறிகிறோமா, வரியே நமக்குச் சொல்கிறதா?

இரண்டாவதாகப் புலன்களுக்குரிய கருவிகளைக் கூறவேண்டும். இளஞ்சிவப்பு நிறக் கனசதுரங்கள் பத்து. மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். அவற்றைக் கோபுரமாக அடுக்க வேண்டும். பழுப்பு நிறப் பட்டகங்கள் பத்து; அவற்றின் நீளம் மாறாது, தடிப்பு மட்டும் மாறும். சிவப்புக் கோல்கள் பத்து. தடிப்பு மாறாது, பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளம் மட்டும் மாறும். இதன் நுட்பத்தை நான் மூன்றாம் வாரத்தில்தான் உணர்ந்தேன். ஒவ்வொன்றும் ஒரே ஒரு குணத்தைத் தனித்துக் காட்டுகிறது. முதலாவதற்குப் பெரிது, சிறிது என்று பெயர். இரண்டாவதற்குத் தடித்தது, மெல்லியது. மூன்றாவதற்கு நீண்டது, குறுகியது. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வழங்க அங்கே இடமில்லை. நாமோ மலைக்கும் ‘பெரிய’, நதிக்கும் ‘பெரிய’, துயருக்கும் ‘பெரிய’ என்று ஒரே அடைமொழியைக் கூசாமல் எழுதுகிறோம்.

பெயர் சொல்லிக் கொடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. குழந்தை முதலில் பொருளைக் கையால் பலமுறை அறிகிறது. அதன் பின்னரே பெயர். அதுவும் மூன்று படிகளில். ‘இது சொரசொரப்பு, இது வழவழப்பு’ என்று ஆசிரியை சொல்வது முதற்படி. ‘சொரசொரப்பைக் காட்டு’ என்று கேட்பது இரண்டாம் படி. ஒன்றைக் காட்டி, ‘இது என்ன?’ என்று வினவுவது மூன்றாம் படி. இரண்டாம் படியில் குழந்தை தவறினால் ஆசிரியை திருத்துவதில்லை. வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று புன்னகையோடு மூடிவைத்துவிடுகிறார். அனுபவம் முன்னே, சொல் பின்னே. சொல் வரும்போது அதற்குரிய இடம் உள்ளே காலியாகக் காத்திருக்கிறது, வந்ததும் அமர்ந்துவிடுகிறது.

இவ்விடத்தில்தான் எனக்கு ஒரு வேதனை நேர்ந்தது. நான் அமர்ந்திருந்த வகுப்பில் இப்பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே வழங்கப்பட்டன. தன் வீட்டில் ‘சொரசொரன்னு இருக்கு’ என்று பாட்டியிடம் சொல்லும் குழந்தை, அங்கே அதே உணர்வுக்கு அயற்சொல்லைப் பெறுகிறது. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் ஆசிரியையிடம் இதனைக் கேட்டேன். சற்றே கடுமையாகத்தான் கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஒன்பது நிறங்கள்; நிறத்துக்கு ஏழு சாயல்கள்; ஆக 63 சிறு பலகைகள். “ஐயா, இவற்றுக்குத் தமிழில் பெயர் சொல்லுங்கள், நாளை முதல் அவற்றையே சொல்லிக் கொடுக்கிறேன். நான் தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த கையேட்டில் தமிழ் இல்லை” என்றார்.

நான் நின்றுவிட்டேன். நீலத்துக்கும் ஊதாவுக்குமே நம் பேச்சுவழக்கில் ஊருக்கு ஊர் குழப்பம். ‘அடர்’, ‘வெளிர்’ என்னும் இரண்டு முன்னொட்டுகளுக்கு மேல் என் புலமை செல்லவில்லை. வீடு திரும்பி என் மனைவியிடம் சொன்னேன். அவர் அடுப்படியிலிருந்தபடியே அடுக்கினார்: மயில்கழுத்து, மாந்தளிர், அரக்கு, கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, பாக்கு நிறம், மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல். புடவைக் கடையும் தறியும் காத்து வைத்திருக்கும் சொற்கள்! இவற்றில் இரண்டு கூட என் மூன்று கவிதைத் தொகுதிகளில் இல்லை. மொழி வறுமையுற்றது என்று மேடைதோறும் வருந்தியவன் நான். மொழி வறுமையுறவில்லை, என் கை சென்ற இடங்கள் குறைவு.

மூன்றாவதாக எழுத்து. மாண்டிசோரி வகுப்பில் எழுத்துகள் உப்புத்தாளில் வெட்டி, பலகையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. குழந்தை எழுத்தை விரலால் தடவுகிறது; தடவும்போதே அதன் ஒலியைச் சொல்கிறது. விரல், கண், செவி மூன்றும் ஒருங்கே அவ்வெழுத்தைக் கற்கின்றன. இதைக் கண்டபோது நம் திண்ணைப் பள்ளிகள் என் நினைவுக்கு வந்தன. மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து, வாயால் சொல்லச் சொல்லி எழுதுவித்தனர் நம் முன்னோர். பிரம்பு அங்கே இருந்தது, இங்கே இல்லை, அவ்வேறுபாடு பெரிது. ஆயினும் விரலின் வழியே எழுத்து உள்ளே செல்லும் என்னும் அறிவு இரண்டிலும் ஒன்றே. எழுத்துகள் நாவிலும் இதழிலும் பல்லிலும் மூக்கிலும் எவ்வாறு பிறக்கின்றன என்று சொல்லத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்தார். ஒலியை உடம்பின் தொழிலாகக் காணும் மரபு நமக்கு உண்டு.

உரோமில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறாமல் இருக்க இயலவில்லை. எழுத்துகளைத் தடவியும், அட்டை எழுத்துகளை அடுக்கிச் சொற்களை உண்டாக்கியும் பழகிவந்த பிள்ளைகள் அவர்கள். எழுதுகோலால் எழுத ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திசம்பர் மாதத்தில் வெயில் காய்ந்த ஒருநாள், மொட்டை மாடியில் அம்மையார் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியின் படத்தை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். அம்மையார் பாராட்டவே, அவன் ஒரு கணம் திகைத்து, எனக்கு எழுத வருகிறதே என்று கூவி, குனிந்து ஒரு சொல்லை எழுதினான். அச்சொல் ‘கை’. அடுத்து ‘புகைபோக்கி’ என்று எழுதினான். அடுத்து ‘கூரை’. அவன் கூச்சலைக் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தனர்; அவர்களும் எழுதத் தொடங்கினர்.

தானாக எழுந்த முதற்சொல் ‘கை’ என்பதை எண்ணிப் பாருங்கள். எந்தக் கவிஞனும் திட்டமிட்டு இவ்வளவு பொருத்தமாக எழுதியிருக்க முடியாது.

ஆனால் தமிழில் இது அப்படியே நடைபெறுமா என்னும் வினாவை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். நம் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. அட்டை எழுத்துகளாக 247ஐயும் ஒரு பெட்டியில் இடுவது பெருஞ்சுமை. உறுப்புகளாகப் பிரித்தாலும் இடர்ப்பாடு உண்டு. ‘கெ’ என்னும் ஒலியில் முதலில் கேட்பது மெய், பின்னர் கேட்பது உயிர். எழுதும்போதோ உயிரின் குறி முன்னே வந்து நிற்கிறது. ‘கொ’ என்பதில் இருபுறமும் நிற்கிறது. உகர வரிசையில் கு, சு, நு, மு என எழுத்துக்கு எழுத்து உரு மாறுகிறது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா முதலியவை சீர்பெற்றன. உகரங்கள் அப்படியே நின்றன. இன்னொன்று: ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. பெரியவர் நமக்கு இது இயல்பு. ஒலியை முதலாகக் கொண்டு எழுத்துக்குச் செல்லும் குழந்தைக்கு இது புதிர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது வீட்டில் பேசும் மொழி வேறு, எழுதும் மொழி வேறு. ‘வெத்தல’ என்று சொல்லும் குழந்தை கேட்ட ஒலிக்கு உண்மையாக அடுக்கினால் ‘வெத்தல’ என்றே அடுக்கும். அது பிழையா? காதுக்கு அது பிழையற்றது; நூலுக்கு அது பிழை. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். பேச்சிலும் எழுத்திலும் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் நம்மிடம் பல உண்டு: படி, பூ, மாடு, காடு, வீடு. இவற்றைத் தேர்ந்து எளிமையிலிருந்து அருமைக்குச் செல்லும் வரிசையில் அடுக்கித் தருவது யார் வேலை? கல்வித்துறையின் வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லின் ஓசையறிந்தவர்கள் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோமே, நம் வேலை இல்லையா?

எண்ணைப் பற்றி ஒன்று மட்டும் கூறி மேற்செல்கிறேன். பொன்னிற மணி ஒன்று, அது ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். நான்கு வயதுச் சிறுமி ஆயிரத்தை இரு கைகளாலும் ஏந்தி நடப்பதைக் கண்டேன். ஆயிரம் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை வெறும் சுழிகளின் பெருக்கமாக அல்லாமல் தனித்தனிப் பொருள்களாகவே எண்ணப்பட்டன போலும் என்று அன்று தோன்றியது.

நான்காவது, மௌனம். ஒருமுறை தாயின் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தையை அம்மையார் வகுப்புக்குள் ஏந்திவந்து, இவ்வளவு அமைதியாக உங்களால் இருக்க முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்டார். அதிலிருந்து பிறந்ததே மௌனப் பயிற்சி. நான் கண்ட நாளில், முப்பது குழந்தைகள் அசையாமல் அமர்ந்திருந்தனர். வெளியே காகம் கரைவது கேட்டது. தொலைவில் யாரோ துணி துவைப்பது கேட்டது. அடுத்த அறையிலிருந்து ஆசிரியை ஒவ்வொருவர் பெயரையும் முணுமுணுப்பாக அழைத்தார். அழைக்கப்பட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து சென்றது. தன் பெயர் வரும்வரை ஒவ்வொரு பிள்ளையும் செவியாகவே அமர்ந்திருந்தது. அடக்குமுறையால் வரும் அமைதியை என் பள்ளி நாள்களில் நான் அறிவேன். இது அதுவன்று. இவர்கள் மௌனத்தைச் செய்தார்கள். கவியரங்குகளில் கைதட்டலுக்கு நடுவே கவிதை வாசித்துப் பழகிய நாம், ஒரு வரிக்கும் மறுவரிக்கும் இடையே இத்தகைய மௌனத்தை என்றேனும் உண்டாக்கியிருக்கிறோமா?

இதுவரை புகழ்ந்தேன். இனி வழக்கு.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டுக்கதைகள் வேண்டாம் என்பது அம்மையாரின் கருத்து. அவ்வயதில் குழந்தை மெய்யையும் பொய்யையும் பிரித்தறியாது. பெரியவர் சொல்வதை நம்பும். அந்நம்பிக்கையை நாம் கற்பனை என்று தவறாகப் பெயரிடுகிறோம். உண்மையான கற்பனை மெய்ப்பொருள்களின் அறிவிலிருந்தே எழும் என்றார் அவர். இதனைப் படித்தபோது எனக்குச் சினம் மூண்டது. பாட்டியின் கதையும் நிலாச்சோறும் தாலாட்டும் இல்லாத குழந்தைப் பருவம் ஒரு பருவமா? நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தைப் பாடிய மொழியல்லவா நம் மொழி?

அச்சினம் தணிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கென நான் எழுதிய பாட்டொன்றில் கரிய பெண்குயில் ஒன்று மாமரத்திலிருந்து கூவும். அதனைப் பெருமையோடு பெயர்த்திக்குப் பாடிக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “தாத்தா, கறுப்பா இருக்கிறது அப்பாக் குயில்தானே? அம்மாக் குயிலுக்குப் புள்ளி புள்ளியா இருக்குமே. கூவுறதும் அப்பாதானே?” என்றாள். வகுப்பில் பறவைப் படங்களை அடுக்கிப் பழகியவள் அவள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. கரிய உடலும் சிவந்த கண்ணும் உடையது ஆண். பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது பெண். இளவேனிலில் நாம் கேட்டு மயங்கும் நெடுங்கூவல் ஆணுடையது. என் வீட்டு வாசல் மரத்தில் ஆண்டுதோறும் கூவும் பறவையை நான் ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பிற கவிஞர்களின் குயிலையே என் பாட்டிலும் கூவவிட்டேன்.

அன்று அம்மையாரின் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அவருடைய தீர்ப்பை நான் முழுமையும் ஏற்கவில்லை. தாலாட்டு ஒரு குழந்தைக்குப் பொய் சொல்வதில்லை. அது தாயின் குரலைத் தருகிறது, சந்தத்தைத் தருகிறது. நிலவை அழைக்கும் தாயும் நிலவு வராது என்பதை அறிவாள். குழந்தையும் விரைவில் அறிந்துகொள்கிறது. அழைப்பின் இன்பம் எஞ்சுகிறது. மேலும், நம் மரபு குழந்தையை மெய்யாகவே கூர்ந்து நோக்கிய மரபு. பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணுங்கள். தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வாரானை, மணல்வீடு கட்டுவதும் அழிப்பதும் சிற்றில், பறை முழக்குவது சிறுபறை, தேர் உருட்டுவது சிறுதேர். குழந்தையின் உடம்பு இன்னின்ன காலத்தில் இன்னின்ன தொழிலை நாடும் என்று கண்டு வகுத்த முறை அது. ஒவ்வொரு திறனுக்கும் குழந்தையிடம் ஒரு தனிப்பருவம் விழித்தெழுகிறது என்று அம்மையார் சொன்னதற்கு வெகுகாலம் முன்னரே நம் புலவர் அதன் ஒருபகுதியைக் கண்டிருந்தனர். சோற்றை அளையும் சிறுகையைப் புறநானூற்றுப் பாண்டியனும் வள்ளுவரும் கண்டார்கள். அவர்கள் பார்த்து எழுதினார்கள். நான் பாராமல் எழுதினேன். அம்மையாரின் கண்டனம் அவர்களைத் தீண்டாது, என்னைத் தீண்டியது.

ஆதலின் நான் வந்தடைந்த முடிவு இது: குழந்தைக்குக் கற்பனை வேண்டும், ஆனால் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிந்த பொருளின்மேல் எழுந்த கற்பனை வேண்டும். அது குழந்தைக்கு மட்டும் உரிய விதியன்று.

இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. ஏழை உழைப்பாளர் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய இம்முறை, இன்று நம் நகரங்களில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோர் பிள்ளைகளுக்கே கிட்டுகிறது. தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அங்கே தமிழ் இருக்கிறது, கருவிகள் குறைவு. இங்கே கருவிகள் இருக்கின்றன, தமிழ் குறைவு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் செயல்களையும் தமிழ் வகுப்புக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டியது. குவளையும் நீரும் மணலும் பாயும் பணக்காரப் பொருள்கள் அல்ல. சொல்லோ அறவே விலையில்லாதது. அதைத் தரத்தான் ஆளில்லை.

நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். பரிசுத் திட்டங்களும் கவியரங்குகளும் தொடரட்டும். அவற்றோடு, ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊரின் மரங்கள் பத்து, பறவைகள் பத்து, அடுப்படிப் பொருள்கள் பத்து, தொழிற்கருவிகள் பத்து ஆகியவற்றை நேரில் கண்டு, தொட்டறியத் தக்கவற்றைத் தொட்டறிந்து, அவ்வூர் மக்கள் வழங்கும் பெயரோடு எழுதித் தாருங்கள். நிறச்சாயல்களின் பெயர்களை நெசவாளரிடமும், தொடுபுலச் சொற்களைத் தச்சரிடமும் குயவரிடமும் கேட்டு வாருங்கள். பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாய் ஒலிக்கும் சிறுசொற்களைத் தொகுப்போம். அறிவுரை கூறாத, பொய் சொல்லாத, நாலு வரிப் பாட்டுகள் நூறு எழுதுவோம். அந்த ஆசிரியை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்கு நான் இன்னும் 63 பெயர்களைத் தரவில்லை. இதுவரை 41 கிடைத்துள்ளன. அவற்றில் முப்பதுக்கு மேல் என் மனைவி சொன்னவை.

எனக்கு அளித்த தலைப்பு சொல்லாட்சி. சொல்லை ஆள்வதற்கு முன் சொல்லுக்குரிய பொருளின் முன்னே பாய் விரித்து அமர வேண்டும் என்பதை அந்த மூன்றரை வயதுச் சிறுவனிடம் கற்றேன். என் குயில் பாட்டைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பெயர்த்தியிடம் காட்டினேன். “இப்ப சரி” என்றாள். என் எழுத்து வாழ்வில் நான் பெற்ற மதிப்புரைகளுள் அதனையே முதன்மையாகக் கருதுகிறேன்.